மின்னஞ்சலில் வரும் வைரஸ்: கொழும்பின் சிறு அலுவலகம் எதற்குப் பணம் செலவிட வேண்டும்?

"தம்பி, எந்த அன்டிவைரஸ் நல்லது?" புறக்கோட்டையில் கணினி வைத்திருக்கும் முதலாளிமார் முதலில் கேட்பது இதைத்தான். வெள்ளவத்தையில் வீட்டுக் கணினி வைத்திருப்பவர்களும் இதையே கேட்கிறார்கள். சிறு நிறுவனங்களின் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில் என்பதால் இந்தக் கேள்வி ஓயாமல் என்னிடம் வருகிறது. மூன்று நான்கு பெயர்களைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அதனால் கேட்டவருக்கு நன்மை எதுவும் இல்லை.

மின்னஞ்சல் வழியே வரும் வைரஸை மறிப்பதற்கு மூன்று இடங்கள் உண்டு. கடிதம் வந்து சேரும் அஞ்சல் பெட்டி முதலாவது. அதைத் திறந்து பார்க்கும் கணினி இரண்டாவது. எல்லாம் கெட்டுப்போன பிறகும் தொழிலை எழுப்பி நிறுத்தும் காப்புப் பிரதி மூன்றாவது. கடையில் விலைக்கு வாங்கும் அன்டிவைரஸ் இரண்டாவது இடத்தில் மட்டுமே வேலை செய்கிறது. அந்த இடத்துக்கான காவலோ பெரும்பாலான கணினிகளில் ஏற்கெனவே இலவசமாக இருக்கிறது. ஆகவே கையில் இருக்கும் தொகை சிறிதானால் அதை முதலாவது இடத்துக்கும் மூன்றாவது இடத்துக்கும் கொடுங்கள் என்பேன். அன்டிவைரஸ் வாங்குவது அதற்குப் பிறகு யோசிக்க வேண்டிய விடயம்.

வரும் கடிதம் எப்படி இருக்கும்

புறக்கோட்டை இறக்குமதியாளர் ஒருவருக்கு வரும் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இருக்கிறது. அனுப்பியவர் பெயராகத் தெரிவது குவாங்சோவிலிருந்து ஆண்டுக்கணக்காகச் சரக்கு அனுப்பும் வியாபாரியின் பெயர்தான். முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தால்தான் ஓர் எழுத்து இரண்டு தடவை வந்திருப்பது கண்ணில் படும். திருத்திய இன்வொய்ஸை இணைத்திருக்கிறோம், கப்பல் புறப்படுவதற்கு முன் உறுதிப்படுத்துங்கள் என்கிறது கடிதம். இணைப்பாக ஒரு சுருக்கப்பட்ட கோப்பு. விரித்தால் உள்ளே சிவப்புப் பிடிஎஃப் சின்னத்துடன் ஒரு கோப்பு. பெயரின் முடிவிலும் பிடிஎஃப் என்றே இருக்கிறது. எழுதுவினைஞர் இருமுறை சொடுக்குகிறார். ஒன்றும் திறக்கவில்லை. கோப்பில் ஏதோ பழுது என்று நினைத்து, முன்னால் நிற்கும் வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுகிறார்.

அந்தக் கோப்பின் பெயர் பிடிஎஃப் என்பதோடு முடியவில்லை. அதற்குப் பின்னால் இஎக்ஸ்இ என்று இன்னொரு வால் இருந்தது. அதாவது அது ஆவணமே அல்ல, இயங்கும் நிரல். தெரிந்த கோப்பு வகைகளின் வாலை விண்டோஸ் இயல்பாகவே மறைத்துவிடுகிறது; சின்னத்தையோ நிரலை எழுதியவன் விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம். எழுதுவினைஞர் வாடிக்கையாளருடன் பேசிக்கொண்டிருக்கும்போது அந்த நிரல் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் திரட்டி வெளியே அனுப்பிவிட்டது. இனி விசைப்பலகையில் தட்டுவதையும் ஒளிந்திருந்து பதிவு செய்யும். 2014 முதல் உலவும் 'ஏஜென்ட் டெஸ்லா' என்ற திருட்டு நிரல் இந்த வகையைச் சேர்ந்தது. இன்வொய்ஸ், கப்பல் ஆவணம், கொள்முதல் கட்டளை என்று வணிகக் கடித வேடத்தில்தான் அது பெரும்பாலும் வருகிறது. இறக்குமதியையே நம்பியிருக்கும் புறக்கோட்டைக்கு இதைவிடப் பொருத்தமான பொறி வேறு இல்லை.

வாலை மறைக்கும் இந்தத் தந்திரம் புதியதுமல்ல. 2000 மே 4 அன்று பிலிப்பைன்சிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றிய 'ஐ லவ் யூ' புழு, டிஎக்ஸ்டி என்று முடிவதுபோலத் தெரிந்த ஒரு காதல் கடிதமாகத்தான் வந்தது. மறைந்திருந்த வால் விபிஎஸ், அதாவது அதுவும் இயங்கும் நிரல்தான். திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் அது தன்னையே அனுப்பிக்கொண்டது. கால் நூற்றாண்டு கடந்தும் அதே மறைப்பு விண்டோஸில் இயல்பாக இருக்கிறது என்பது எனக்குத் தீராத கோபம். இப்போதே மாற்றிவிடுங்கள். விண்டோஸ் 11இல் கோப்புறை ஒன்றைத் திறந்து 'வியூ', அதற்குள் 'ஷோ', அதற்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தெரிவு செய்தால் எல்லா வால்களும் தெரியத் தொடங்கும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. அலுவலகத்தில் உள்ள எல்லாக் கணினிகளிலும் செய்யுங்கள்.

வேறு வேடங்களும் உண்டு. வேர்ட், எக்செல் கோப்புகளுக்குள் மேக்ரோவாக, அதாவது ஆவணத்துக்குள் இயங்கும் சிறு நிரலாக ஒளிந்து வருவது 1999இல் பரவிய 'மெலிசா' காலத்து வழி. இணையத்திலிருந்து வந்த கோப்புகளில் மேக்ரோ இயங்குவதை மைக்ரோசொஃப்ட் 2022இல் இயல்பாகவே தடுத்தது. அதன்பின் அந்த வழி சுருங்கியது. திருடர்கள் உடனே ஒரு முழு டிஸ்க்கை ஒரே கோப்பாக அடக்கும் ஐஎஸ்ஓ கோப்புக்கும் வேறொரு நிரலை இயக்கும் குறுக்குவழிக் கோப்புக்கும் மைக்ரோசொஃப்ட்டின் குறிப்பேடான வன்நோட் கோப்புக்கும் மாறிக்கொண்டார்கள். ஆனால் நம் ஊரில் ஒபிஸ் 2010ஐ இன்னும் விடாமல் வைத்திருக்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. அதற்கான ஆதரவு 2020 ஒக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அந்தக் கணினிகளில் பழைய வழி இன்றும் திறந்தே கிடக்கிறது.

எல்லாவற்றிலும் கொடியது 'எமோடெட்' என்ற வைரஸ் கையாண்ட வழி. தொற்றிய கணினியில் இருந்த பழைய கடிதப் போக்குவரத்தைத் திருடி, நீங்கள் உண்மையில் எழுதிய கடிதத்துக்கே பதில் எழுதுவதுபோல அது வைரஸை அனுப்பியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொலிஸ் அமைப்பான ஐரோப்போல் ஒருங்கிணைத்த நடவடிக்கையில் 2021 ஜனவரியில் முடக்கப்பட்ட எமோடெட், அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் தலைகாட்டியது. 'தெரியாதவர் கடிதத்தைத் திறக்காதீர்கள்' என்ற பழைய அறிவுரை இதனால்தான் போதாமற் போகிறது. கடிதம் தெரிந்தவரிடமிருந்துதான் வருகிறது.

முதலாவது இடம்: அஞ்சல் பெட்டி

சிறு நிறுவனங்களின் மின்னஞ்சல் பொதுவாக மூன்று வகையாக இருக்கிறது. இணையத்தளம் அமைத்துக் கொடுத்தவர் அதே சேவையகத்தில் சும்மா ஏற்படுத்திக் கொடுத்த முகவரி ஒன்று. இலவச ஜிமெயில் அடுத்தது. மாதக் கட்டணம் செலுத்தும் கூகுள் வேர்க்ஸ்பேஸ் அல்லது மைக்ரோசொஃப்ட் 365 மூன்றாவது.

முதல் வகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான். கடையின் பெயரிலேயே முகவரி இருக்கிறது, விசிட்டிங் கார்டில் பார்க்க மதிப்பாக இருக்கிறது, தனியாகச் செலவும் இல்லை. ஆனால் பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் மலிவுச் சேவையகத்தில் வடிகட்டல் பெயருக்குத்தான் இருக்கும். வரும் இணைப்பை ஊன்றிச் சோதிக்கும் ஏற்பாடு அங்கே அபூர்வம். பலர் அந்தக் கடிதங்களைப் பொப்3 முறையில் அவுட்லுக்குக்கு இறக்கிக்கொள்கிறார்கள். சேவையகத்தில் பிரதி வைக்காமல் இறக்கினால் பத்து வருடக் கடிதங்கள் மேசையில் உள்ள ஒரே கணினியில், ஒரே கோப்பில் கிடக்கும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் சரக்கு, கடன், வாக்குறுதி எல்லாவற்றுக்கும் சாட்சியாக இருந்த அந்தக் கோப்பும் சேர்ந்தே பூட்டப்படும்.

இலவச ஜிமெயில் இதைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது என்று தயங்காமல் சொல்வேன். இஎக்ஸ்இ, ஜேஎஸ், விபிஎஸ், ஐஎஸ்ஓ போன்ற வகைகளை அது ஏற்பதே இல்லை. சுருக்கி அனுப்பினாலும் உள்ளே பார்த்து மறுக்கிறது. ஜேஎஸ் வகையைத் தடுக்கத் தொடங்கியது 2017இல். அதோடு இன்னொரு நன்மையும் இருக்கிறது. இணைப்பைத் தரவிறக்காமல் உலாவிக்குள்ளேயே பார்க்கலாம். அப்போது ஆவணத்தைத் திறப்பது கூகுளின் கணினிதான். அதில் மேக்ரோ இருந்தாலும் உங்கள் கணினியில் இயங்காது. விலைப்பட்டியல் ஒன்றைப் படிப்பதற்கு அதைத் தரவிறக்க வேண்டிய தேவையே இல்லை. என் வாடிக்கையாளர்களிடம் நான் திரும்பத் திரும்ப வலியுறுத்தும் பழக்கம் இது: முதலில் உலாவியில் பாருங்கள், வேண்டுமென்றால் மட்டும் இறக்குங்கள்.

எந்த வடிகட்டியும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. கடவுச்சொல் போட்டுப் பூட்டிய சுருக்கக் கோப்பை இணைத்து, அந்தக் கடவுச்சொல்லைக் கடிதத்திலேயே எழுதி அனுப்புவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று வடிகட்டியால் பார்க்க முடியாது. பாதுகாப்புக்காகப் பூட்டுகிறவர் திறவுகோலையும் அதே கடிதத்தில் வைத்து அனுப்புவாரா? அப்படி ஒரு கடிதம் வந்தால், அனுப்பியவரை உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் இலக்கத்தில் அழைத்துக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

கட்டணச் சேவைக்கு வருவோம். சொந்தப் பெயர் முகவரியை வைத்துக்கொண்டே இந்த வடிகட்டலைப் பெறலாம் என்பதுதான் இதன் பயன். கூகுளிலும் மைக்ரோசொஃப்ட்டிலும் ஆரம்பத் திட்டம் மாதத்துக்கு ஒருவருக்கு ஆறு முதல் எட்டு டொலர் வரை. நம் பணத்தில் இரண்டாயிரம் ரூபாயைச் சுற்றி வரும். டொலரில் அறவிடப்படுவதால் ரூபாய் சரியும்போது சுமை கூடும். 2022இல் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. ஐந்து பேர் இருக்கும் அலுவலகத்தில் ஐந்து கணக்கும் வேண்டியதில்லை. வெளியாருடன் கடிதம் பரிமாறும் இரண்டு பேருக்கு மட்டும் எடுத்து, மற்றவர்களுக்கு அந்தக் கணக்கின் கீழ் மாற்றுப் பெயர்கள் கொடுத்தாலே போதும். மைக்ரோசொஃப்ட்டின் உயர்ந்த திட்டங்களில் இணைப்பை முதலில் தனியான மெய்நிகர் கணினியில் (மென்பொருளால் உருவாக்கிய கணினியில்) திறந்து, அது என்ன செய்கிறது என்று பார்த்த பிறகே உங்களிடம் விடும் வசதியும் இருக்கிறது. வாரந்தோறும் வெளிநாட்டுக்குப் பெருந்தொகை அனுப்பும் இறக்குமதியாளருக்கு அது தகும். டியூஷன் வகுப்பு நடத்துபவருக்குத் தேவையில்லை.

எதைத் தெரிவு செய்தாலும் இரு கட்ட உறுதிப்படுத்தலை இயக்கிவிடுங்கள். கடவுச்சொல் திருடப்பட்டாலும் உங்கள் கைத்தொலைபேசி இல்லாமல் கணக்கைத் திறப்பது கடினமாகும். வைரஸே இல்லாமல், மைக்ரோசொஃப்ட் உள்நுழைவுப் பக்கம் போன்ற ஓர் எச்டிஎம்எல் கோப்பை இணைத்துக் கடவுச்சொல்லைப் பறிக்கும் கடிதங்களும் வருகின்றன. அவற்றை அன்டிவைரஸ் தவறவிடுவது சாதாரணம்.

இரண்டாவது இடம்: கணினி

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றோடு சேர்ந்தே வரும் டிஃபெண்டரை 'சும்மா வருவதுதானே' என்று குறைத்து மதிப்பிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த மதிப்பீடு சரியாகவே இருந்தது. இன்று ஜெர்மனியின் மாக்டபேர்க் நகரில் உள்ள ஏவி டெஸ்ட் ஆய்வுகூடம் செய்யும் சோதனைகளில் அது விலைக்கு விற்கும் மென்பொருட்களோடு சமமாக நின்று முழுப் புள்ளிகளை எடுக்கிறது. ஆஸ்திரியாவின் ஏவி கம்பரேட்டிவ்ஸ் சோதனைகளைப் பார்க்கும்போது ஒரு குறையும் தெரிகிறது: இணைய இணைப்பு இல்லாத வேளையில் அதன் கண்டுபிடிக்கும் திறன் குறைந்துவிடுகிறது. மின்னஞ்சல் வரும் கணினியில் இணையம் இருக்கத்தானே செய்யும். பென் டிரைவில் வருபவற்றுக்கு அந்தக் குறை முக்கியம். மின்னஞ்சலுக்கு அவ்வளவு அல்ல.

டிஃபெண்டருக்குள் பலர் திறந்தே பார்க்காத ஓர் அமைப்பு இருக்கிறது. 2017இல் வந்த 'கன்ட்ரோல்ட் ஃபோல்டர் அக்சஸ்' என்பது அதன் பெயர். 'விண்டோஸ் செக்யூரிட்டி' பகுதியில் 'ரன்சம்வெயார் புரொடெக்ஷன்' என்பதன் கீழ் இருக்கும். அதை இயக்கிவிட்டால் அறிமுகமற்ற எந்த நிரலும் உங்கள் ஆவணக் கோப்புறைகளில் உள்ளவற்றை மாற்ற முடியாது. இயல்பாக அது நிறுத்தியே வைக்கப்பட்டிருக்கிறது, ஏனென்றால் நல்ல நிரல்களையும் சில வேளை தடுத்துவிடும். உள்ளூரில் எழுதப்பட்ட பழைய கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு முதல் சில நாட்கள் தொந்தரவாக இருக்கும். தடுக்கப்பட்ட நிரலை ஒவ்வொன்றாக அனுமதிக்க வேண்டும். கணக்குப் புத்தகம் முழுதும் கணினிக்குள் இருக்கும் கடைக்கு அந்தத் தொந்தரவு பொறுத்துக்கொள்ளத்தக்கதே.

இந்த இடத்தில்தான் ஒப்பீடு திரும்புகிறது. வேறு அன்டிவைரஸ் ஒன்றைப் போட்டதும் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்கிறது. அதோடு இந்தக் கோப்புறைக் காவலும் நின்றுவிடுகிறது. ஆகவே பணம் கொடுத்து வாங்கும் பொருள் இருந்த காவலுக்கு மேலதிகமாக வருவதில்லை. இருந்ததை அகற்றிவிட்டு அதன் இடத்தில் வந்து அமர்கிறது. வாங்கும் பொருளில் அதற்கு நிகரான கோப்புறைக் காவல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இரண்டு அன்டிவைரஸை ஒன்றாக ஓடவிட்டால் இரட்டைப் பாதுகாப்புக் கிடைக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. கணினி தவழும், அவ்வளவுதான்.

விலைக்கு வாங்குவது எப்போது சரி? பத்துக் கணினிக்கு மேல் இருந்து, எந்தக் கணினியில் என்ன நடந்தது என்று ஒரே திரையில் பார்க்க வேண்டியிருந்தால் வாங்கலாம். அப்போதும் வீட்டுப் பதிப்பை வாங்காமல் நிறுவனப் பதிப்பை வாங்குங்கள். இலங்கைக் கடைகளில் எளிதாகக் கிடைப்பவற்றில் காஸ்பர்ஸ்கி ஒன்று. அமெரிக்க அரசு அதன் விற்பனையை 2024 ஜூலையிலும் இற்றைப்படுத்தலை அதே ஆண்டு செப்டெம்பரிலும் தன் நாட்டில் தடை செய்தது. காரணமாகச் சொல்லப்பட்டது ரஷ்யாவுடனான தொடர்பு. சோதனைகளில் அதன் திறன் குறைவானதல்ல; அந்தத் தடையும் அமெரிக்காவுக்கு உரியது. ஆனால் அமெரிக்க வாடிக்கையாளருக்கு வேலை செய்து கொடுக்கும் கொழும்பு நிறுவனம் அதைத் தவிர்ப்பது நல்லது. பாதுகாப்பு விபரம் கேட்டு அனுப்பும் படிவத்தில் அந்தப் பெயரே சிக்கலாகிவிடும்.

இலவச அன்டிவைரஸ்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்களின் இணைய உலாவல் தரவை ஜம்ப்ஷொட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது வெளிவந்து, 2020இல் அந்தத் துணை நிறுவனம் மூடப்பட்டது. 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 16.5 மில்லியன் டொலர் செலுத்த வைத்தது. டிஃபெண்டர் இலவசமாகவே இருக்கையில் இன்னோர் இலவசத்தைத் தேடிப் போய் உங்கள் தகவலை ஏன் விலையாகக் கொடுக்க வேண்டும்?

இவ்வளவும் உண்மையான விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு. நம் ஊரில் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. கணினியைக் குறைந்த விலையில் பொருத்தித் தரும்போது அனுமதியற்ற விண்டோஸையும் ஒபிஸையும் போட்டுக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அவற்றை உரிமம் உள்ளவைபோலச் செயற்படுத்தப் பயன்படுத்தும் நிரல்கள் பெரும்பாலும் டிஃபெண்டரை நிறுத்தச் சொல்லும், அல்லது ஒரு கோப்புறையை அதன் பார்வையிலிருந்து விலக்கச் சொல்லும். நிறுத்தியதைத் திரும்ப இயக்குவதற்கு யாரும் நினைவு வைத்திருப்பதில்லை. இற்றைப்படுத்தல் வந்தால் செயற்படுத்தல் குலைந்துவிடும் என்று பயந்து அதையும் நிறுத்திவிடுகிறார்கள். இப்படிப்பட்ட கணினிக்கு அன்டிவைரஸ் வாங்குவது, வாசற்கதவைத் திறந்துவிட்டு அலுமாரிக்குப் பூட்டு வாங்குவது போன்றது. அந்தப் பணத்தை விண்டோஸ் உரிமத்துக்குக் கொடுங்கள். அதற்கு முன் இன்றைக்கே 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலைத் திறந்து பாருங்கள். நீங்கள் சேர்க்காத ஏதாவது அங்கே இருந்தால் அழித்துவிடுங்கள்.

அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணப் பயனர் கணக்கை வைத்துக்கொள்வதையும் இதோடு சேர்க்கிறேன். எழுதுவினைஞர் தவறாக ஒன்றைத் திறந்தாலும் அது கணினி முழுவதையும் கைப்பற்றுவது கடினமாகும். செலவு இல்லை. மென்பொருள் நிறுவும்போது மட்டும் முதலாளி கடவுச்சொல்லைத் தட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாவது இடம்: காப்புப் பிரதி

2023 ஒகஸ்ட் 26 அன்று நம் அரசின் மேகக் கணினி (இணையம் வழியே பயன்படுத்தும் சேவையகங்கள்) வலையமைப்பில் நடந்ததைச் சொன்னால் இந்தப் பகுதிக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. கோப்புகளைப் பூட்டும் வைரஸ் தாக்கி, அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச நிறுவனங்களின் ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அதற்கு முந்திய வாரங்களில் சந்தேகத்துக்குரிய இணைப்புகள் பயனர்களுக்கு வந்திருந்தன. யாரோ ஒருவர் அதைச் சொடுக்கியிருக்கலாம் என்பதே தகவல் தொழில்நுட்ப முகவரகம் அப்போது கூறிய விளக்கம். இயங்கிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற அஞ்சல் சேவையக மென்பொருளின் 2013 பதிப்பு, பழையது. அமைப்பை விரைவிலேயே மீட்டார்கள். ஆனால் 2023 மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் போனது போனதுதான். அந்தக் காலத்துக்குத் தனியே துண்டித்து வைத்த பிரதி இருக்கவில்லை. இணைந்திருந்த பிரதியும் பூட்டப்பட்டுவிட்டது.

ஓர் அரசாங்கமே மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கடிதங்களை இழந்த காரணம், பிரதியும் மூலமும் ஒரே கம்பியில் தொங்கியதுதான். நம் அலுவலகங்களிலும் அப்படியே. வெளி ஹார்ட் டிஸ்க்கை வாங்கிக் கணினியில் மாட்டி அப்படியே விட்டுவிடுகிறார்கள். வைரஸுக்கு அது இன்னொரு கோப்புறை, அவ்வளவே. பிரதி எடுத்ததும் கழற்றுங்கள். கழற்றிய டிஸ்க் இருக்கும் இடத்துக்கு எந்த வைரஸாலும் போக முடியாது. முடிந்தால் இரண்டு டிஸ்க் வாங்கி மாறிமாறிப் பயன்படுத்துங்கள். ஒன்று கடையில் இருக்கும்போது மற்றது வீட்டில் இருக்கட்டும். நெருக்கமாகக் கடைகள் அடைந்த குறுக்குத் தெருக்களில் தீ ஒன்று கிளம்பினால் என்ன ஆகும் என்று புறக்கோட்டைக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கூகுள் டிரைவ், வன் டிரைவ் போன்றவற்றைப் பிரதியாகக் கொள்ளலாமா? பாதி ஆம். கணினியில் கோப்பு பூட்டப்பட்டால் மேகத்திலும் பூட்டப்பட்ட கோப்பே போய்ச் சேரும், ஏனென்றால் ஒத்திசைப்பதுதான் அவற்றின் வேலை. ஆனால் முந்திய பதிப்புகளை அவை சில காலம் வைத்திருக்கின்றன. கூகுள் டிரைவில் 30 நாட்கள், மைக்ரோசொஃப்ட் 365 சந்தாவுடன் வரும் வன் டிரைவில் முழுவதையும் 30 நாட்களுக்குள் பின்னோக்கித் திருப்பும் வசதி. அந்தக் காலத்துக்குள் கவனித்தால் தப்பலாம். டிஸ்க் மட்டும் வைத்திருப்பவர் கடைசியாகப் பிரதி எடுத்த நாளுக்குப் பின் செய்த வேலையை இழப்பார். மேகம் மட்டும் வைத்திருப்பவர் கணக்கே பறிபோனால் எல்லாவற்றையும் இழப்பார். இரண்டில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய முடியும் என்றால் நான் டிஸ்க்கைத் தெரிவு செய்வேன். பிரதி எடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒரு முறையாவது அதிலிருந்து ஒரு கோப்பை வேறு கணினியில் திறந்து பாருங்கள்.

ஏற்கெனவே பூட்டப்பட்டுவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் வலையமைப்புக் கம்பியைக் கழற்றுங்கள், வைஃபையை நிறுத்துங்கள். வேறு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். இலங்கை கணினி அவசர பதிலளிப்புப் பிரிவை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஐரோப்போலும் நெதர்லாந்துப் பொலிசும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரன்சம்' தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசத் திறவுகோல் உண்டு. பணம் கட்டுவதற்கு முன் அங்கே பாருங்கள். தவறாகச் சொடுக்கிய எழுதுவினைஞரைத் திட்டாதீர்கள். திட்டு விழும் என்று பயந்து அவர் ஒரு நாள் மறைத்தால், அந்த ஒரு நாளில் மற்றக் கணினிகளும் போய்விடும்.

யாருக்கு எது

இறக்குமதி, ஏற்றுமதி, நகை, மொத்த வியாபாரம் என்று மின்னஞ்சலில் பணம் நகரும் தொழில்களுக்குக் கட்டண மின்னஞ்சலும் இரண்டு டிஸ்க்குகளும் கட்டாயம் என்பேன். அன்டிவைரஸ் கடைசியில். வங்கிக் கணக்கு இலக்கம் மாறிவிட்டது என்று வரும் எந்தக் கடிதத்தையும் பழைய தொலைபேசி இலக்கத்தில் அழைத்து உறுதி செய்யாமல் நம்ப வேண்டாம். கடிதம் உண்மையான முகவரியிலிருந்தே வந்தாலும் அப்படித்தான்.

கணக்காளர்கள், சட்டத்தரணிகள், சிறு மருத்துவ நிலையங்களின் நிலை கொஞ்சம் வேறு. அவர்களிடம் இருப்பது பிறருடைய தகவல். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கும் பொறுப்பை வைத்திருப்பவர் மேல் சுமத்துவதற்காக இயற்றப்பட்டது. இவர்களுக்கு உரிமம் உள்ள விண்டோஸ், கட்டண மின்னஞ்சல், கோப்புறைக் காவல் மூன்றும் வேண்டும். பிரதி எடுக்கும் டிஸ்க்கையும் கடவுச்சொல்லால் பூட்ட வேண்டும். தொலைந்த டிஸ்க்கும் தகவல் கசிவுதான். சந்தேகமான கோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிச் சோதிக்கும் பழக்கம் உள்ளவர்கள் கட்சிக்காரரின் ஆவணத்தை அங்கே ஏற்ற வேண்டாம். ஏற்றும் கோப்புகள் பாதுகாப்பு நிறுவனங்களுடன் பகிரப்படுகின்றன.

வீடுகளுக்கு இலவச ஜிமெயில், டிஃபெண்டர், ஒரு டிஸ்க் போதும். பிள்ளைகளின் கணக்கை நிர்வாகி அல்லாத கணக்காக வைத்துவிடுங்கள். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுடன் பேசவும் கடிதம் பார்க்கவும் மட்டும் கணினி வைத்திருக்கும் பெரியவர்களுக்கு டெப்லெட் ஒன்று இன்னும் நல்லது. விண்டோஸுக்கு எழுதிய வைரஸ் அங்கே ஓடாது.

மிஞ்சுவது பழைய கணினி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. மைக்ரோசொஃப்ட்டின் ஆதரவு நீட்டிப்பில் பதிவு செய்துகொண்ட தனிநபர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல் கிடைக்கும். டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் அதற்குப் பிறகும் 2028 வரை புதுப்பிக்கப்படும் என்பதை நம்பி நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். பட்டியல் புதிதாக இருந்தாலும் விண்டோஸின் ஓட்டைகள் அடைபடாது. 2017க்கு முந்திய கணினிகள் பெரும்பாலும் விண்டோஸ் 11ஐ ஏற்பதில்லை. புதியது வாங்க வசதியில்லை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டைப் போட்டு அந்தக் கணினியை மின்னஞ்சலுக்கும் இணையத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஆவணங்கள் அதில் முதலில் கிறுக்கலாகத் தெரியும். எழுத்துருக் கோப்பைப் பிரதி செய்து நிறுவினால் சரியாகிவிடும். விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளுக்கு இந்த வழி உதவாது. அப்படியானால் கணக்கு ஓடும் பழைய கணினியை இணையத்திலிருந்து கழற்றித் தனியே வைத்து, கடிதங்களை லினக்ஸ் போட்ட மற்றக் கணினியில் மட்டும் பாருங்கள். பிரதி எடுக்கும் டிஸ்க் இரண்டுக்கும் வேண்டும்.